போடிமெட்டு ஏறும் பழைய ஜீப்புக்கு ரிம்மும் டயரும் தேடிய கதை

எங்கள் வீட்டில் இருப்பது 1972-ஆம் ஆண்டின் மகிந்திரா சிஜே-3பி ஜீப். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மலைக்கு அப்பால் இருக்கும் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களையும் உரத்தையும் ஏற்றிச் செல்வதற்காக என் தந்தையார் அதை வாங்கினார். அவர் காலமான பிறகு பதினோரு ஆண்டுகள் அது தோட்டத்துக் கொட்டகையில் கிடந்தது. எஞ்சின், கிளட்ச், பிரேக், ஒயரிங் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்து முடித்தபோது டயர் மட்டும்தான் மிச்சம் இருந்தது. நான்கும் பக்கவாட்டில் வெடித்து, கட்டையைப் போல இறுகியிருந்தன. டயர்தானே, கடைக்குப் போனால் ஒரு மணி நேரத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று ஆண்டுகளும் நான்கு செட் டயரும் அதற்குச் செலவாயின. அவற்றில் இரண்டு செட்டை நான் வாங்கியே இருக்கக் கூடாது.

இந்த வண்டிக்கு முதலில் இருந்த அளவு 6.00-16. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் அளவும் அதுதான். 1947-இல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் வண்டிகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கியபோது டயர் அளவும் கூடவே வந்து சேர்ந்தது. 6.00 என்பது டயரின் அகலம், 16 என்பது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். பழைய நைலான் டயர்களில் பக்கச் சுவரின் உயரம் ஏறத்தாழ அகலத்துக்குச் சமமாக இருக்கும் என்பதால், 16 உடன் இரண்டு ஆறுகளைக் கூட்டினால் மொத்த உயரம் 28 அங்குலம் என்று வரும். புது டயரை மாட்டிக் காற்றடித்து அளந்தால் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். என் வண்டியில் 730 மில்லிமீட்டர். இந்த எண்ணை முதல் நாளே ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன் என்றால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும்.

ஏனென்றால் அந்த உயரத்தை நம்பித்தான் வண்டியின் மற்ற எல்லாம் அமைந்திருக்கின்றன. சிஜே-3பியின் அச்சிலுள்ள பற்சக்கர ஜோடியான கிரவுன்-பினியனின் விகிதம் 5.38, டாப் கியரில் எஞ்சின் 5.38 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 730 மில்லிமீட்டர் டயருடன் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,350 சுற்றில் ஓடும். இந்தப் பெட்ரோல் எஞ்சினின் இழுவை 2,000 சுற்றை ஒட்டித்தான் உச்சத்தில் இருக்கிறது என்பதால், அந்த வேகத்தில் அது முனகாமலும் அலறாமலும் போகும். டயரை மாற்றுகிறவர் தமக்குத் தெரியாமலேயே இந்தக் கணக்கையும் மாற்றிவிடுகிறார். நானும் அப்படித்தான் செய்தேன்.

முதலில் வாங்கியது 31x10.5 ஆர்15 (31 அங்குல உயரம், 10.5 அங்குல அகலம், 15 அங்குல ரிம்) என்ற அளவு டயரும், அதற்கேற்ற 8 அங்குல அகல ரிம்மும். வாங்கியதற்குக் காரணம் எதுவும் சொல்ல முடியாது. அந்த டயர்கள் மாட்டிய வேறொரு ஜீப்பைப் பார்த்தேன், பிடித்திருந்தது, அவ்வளவுதான். மாட்டி முடித்ததும் வண்டி கம்பீரமாகத்தான் நின்றது. மறுநாள் காலையில் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. வழக்கமாக இரண்டாம் கியரில் ஏறும் இடங்களில் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. வளைவில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது டயரின் உள்விளிம்பு ஸ்பிரிங் பட்டையில் உரசி, ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. எதிரே லாரி வந்தால் பின்னுக்கு எடுத்து மீண்டும் ஒடிக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில், அந்த அகலமான டயர் நின்ற இடத்திலேயே தாரைப் பிடித்துக்கொண்டு திரும்ப மறுத்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது என் தோள்பட்டைகள் இரண்டும் வலித்தன.

கணக்கு இதுதான். அந்த டயரின் உயரம் 787 மில்லிமீட்டர், பழைய அளவைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதல். சக்கரம் உயர்ந்தால் ஒவ்வொரு கியரின் இழுவையும் அதே அளவுக்குக் குறையும், 5.38 என்ற விகிதம் 5-ஐ ஒட்டி இறங்கிவிட்டதைப் போல ஆகும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 65-ஐ நெருங்கிப் போகும். சமவெளியில் இது பெரிதாகத் தோன்றாது. ஐம்பது வயதான எஞ்சினைக் கொண்டு, எட்டுப் பேரையும் சாக்கு மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மலையேறுகிறவருக்கு அந்த 8 விழுக்காடுதான் ஒரு கியர்.

எடையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஏலக்காய் மூட்டை நிறுக்கும் எங்கள் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன். டியூபும் காற்றும் சேர்ந்த பழைய 16 அங்குலச் சக்கரம் 24 கிலோ; புதியது 33 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 9 கிலோ, அதுவும் சுழலும் எடை, அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை. என் வண்டியில் இருப்பது 9 அங்குல டிரம் பிரேக், மிதிக்கு வலுச் சேர்க்கும் பூஸ்டர் கிடையாது. இறக்கத்தில் பெடலை முன்பைவிட முன்கூட்டியே மிதிக்க வேண்டியிருந்ததை நான் முதலில் லைனிங்கின் குறை என்றே எண்ணி, லைனிங்கை மாற்றி ஒரு தொகையை வீணடித்தேன்.

இவற்றையெல்லாம்விடக் கெடுதல் செய்தது ரிம்தான், அதன் அகலம்கூட அல்ல, அதன் தட்டு அமைந்திருந்த இடம். சக்கரம் மாட்டும் அச்சுமுனையான ஹப்பில் படிந்து நட்டால் இறுக்கப்படும் தட்டு, ரிம்மின் உள்விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை வாங்கும் முன்பே அளந்து பார்க்க வேண்டும். அளப்பது எளிது: ரிம்மைக் கவிழ்த்து, உள்விளிம்பின் மேல் நேரான ஒரு மரச்சட்டத்தைக் குறுக்கே வைத்து, அந்தச் சட்டத்திலிருந்து தட்டு வரையில் அளவுநாடாவை இறக்கினால் போதும். நான் வாங்கிய ரிம்மில் இந்த ஆழம் குறைவு. அதனால் சக்கரத்தின் மையக்கோடு பழைய இடத்தைவிட ஒன்றரை அங்குலத்துக்கும் மேலாக வெளியே தள்ளிப்போனது.

முன்சக்கரம் திரும்புவது கிங்பின் என்ற நிமிர்ந்த முளையைச் சுற்றித்தான். கிங்பின்னின் கோட்டை அப்படியே கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையில் படியும் இடத்தின் நடுவுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு ஸ்டீயரிங் கனக்கும். ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறினால் ஸ்டீயரிங் கையிலிருந்து வெட்டிக்கொண்டு போகும். சக்கர பேரிங்கும் கிங்பின் பேரிங்கும் நெம்புகோலின் முனையில் சுமையைத் தாங்குவதைப் போலத் தேயும். ஆறே மாதத்தில் மணிக்கு 45 கிலோமீட்டரைத் தொட்டால் முன்பக்கம் முழுவதும் உதறத் தொடங்கியது. என் தந்தையார் காலத்திலிருந்தே இந்த வண்டியைப் பார்த்துவரும் மெக்கானிக், ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒங்க அப்பா இருந்தா இந்தச் சக்கரத்தப் பாத்துட்டு வண்டியில ஏறியிருக்கவே மாட்டாரு" என்றார். நான், "சரிண்ணே, கழட்டிருங்க" என்று சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்த தவறு இதற்கு நேர் எதிரானது. மாருதி ஜிப்ஸியின் ரிம்மும் இதே ஐந்து துளை, துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டமும் இதே 139.7 மில்லிமீட்டர் என்பதால் பழைய ஜீப்புகளில் அது சாதாரணமாகப் பொருந்திவிடுகிறது. நல்ல நிலையில் ஒரு செட் ரிம்மும் 205/70 ஆர்15 டயரும் மலிவாகக் கிடைத்தன. இந்த வகை எண்களைப் படிக்கும்போது 205 என்பது அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச் சுவர் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. 205-இல் 70 விழுக்காடு 143.5, அதை இரட்டித்து, 15 அங்குல ரிம்முக்குரிய 381-ஐக் கூட்டினால் 668 மில்லிமீட்டர். அதாவது பழைய அளவைவிட 62 மில்லிமீட்டர் குட்டை. வண்டியின் வயிறு 31 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். தோட்டத்துப் பாதையின் நடுவே எப்போதும் தாண்டிப் போகும் ஒரு பாறையில் பின்னச்சின் உருண்டை 'ணங்' என்று மோதியபோதுதான் இந்தக் கணக்கைப் போட்டேன். ஸ்டீயரிங் என்னவோ பஞ்சைப்போல் இருந்தது, ஏற்றமும் நன்றாக ஏறியது. ஆனால் தேனி சாலையில் 60-இல் போகும்போது எஞ்சின் 2,550 சுற்றைத் தாண்டி அலறியது.

துளைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து துளை ரிம்மில் எதிரெதிர்த் துளைகள் கிடையாது என்பதால் வட்டத்தின் விட்டத்தை நேரடியாக அளக்க முடியாது. அடுத்தடுத்த இரு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து 1.7 ஆல் பெருக்க வேண்டும். ஜீப்புக்கு அந்தத் தூரம் 82 மில்லிமீட்டர் இருந்தால் சரி. தொலைபேசியில் "139.7 தான் சார்" என்று யாராவது சொன்னால் எத்தனை துளை என்று கட்டாயம் கேளுங்கள், ஆறு துளையிலும் இதே வட்டம் உண்டு. நடுத்துளை ஹப்பில் தாராளமாக நுழைகிறதா என்பதையும், முன்சக்கரத்தை அச்சோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் லாக்கிங் ஹப் போட்டிருந்தால் அதுவும் வெளியே வருகிறதா என்பதையும் மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

நட்டில் இன்னும் கவனம் வேண்டும். ஜீப்பின் சக்கர போல்ட் அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. ஜிப்ஸியின் போல்ட் 12 மில்லிமீட்டர், மரையின் இடைவெளி 1.25. இரண்டு மரைகளும் பார்வைக்கு ஒன்றே. ஜிப்ஸி நட்டு ஜீப் போல்ட்டில் ஏறாது என்பதால் அதில் ஆபத்தில்லை. மாறாக, ஜீப்பின் நட்டு ஜிப்ஸி போல்ட்டில் தளர்வாக ஏறி, இறுகியதைப் போலவே நடித்து, ஓட்டத்தில் மரையை வழித்துக்கொண்டு கழன்றுவிடும். பழைய வண்டிகளில் ஹப்பை யாராவது எப்போதாவது மாற்றியிருக்கலாம். ஆகவே நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு போல்ட்டையும் காலிப்பரால் அளந்துவிட்டே நட்டு வாங்க வேண்டும்.

அந்தப் போல்ட்டுகளிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. வில்லிஸ் வழக்கப்படி இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டுக்கும் இடமுறை மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுழற்றினால்தான் நட்டு கழலும். போல்ட்டின் முனையில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். ஐம்பது ஆண்டு துருவுக்கும் பெயின்ட்டுக்கும் அடியில் அது யார் கண்ணுக்கும் படாது. பஞ்சர் கடையில் நான் தேநீர் குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில், அங்கிருந்த இளைஞர் வீல் ஸ்பேனரில் நீண்ட குழாயைச் செருகி, நட்டைக் கழற்றுவதாக நினைத்து முழு பலத்துடன் இறுக்கி, இரண்டு போல்ட்டுகளை முறித்துவிட்டார். அவர் மேல் குற்றம் இல்லை, சொல்லாமல் போனது நான்தான். அன்றே இடப்பக்கப் போல்ட் முனைகள் பத்துக்கும் சிவப்புப் பெயின்ட் அடித்து, மட்கார்டின் உட்புறத்தில் கழற்றும் திசைக்கு ஓர் அம்புக்குறியும் வரைந்தேன்.

இரண்டு செட்டையும் விற்ற பிறகு, பழைய 6.00-16-க்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்து டயர் கடைகளில் அந்த அளவைக் கேட்டால் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், ஆனால் அவர்கள் கொடுப்பது டிராக்டரின் முன்சக்கர டயர். அளவு அப்படியே பொருந்தும், விலையும் குறைவு. அதன் பக்கச் சுவரில் ஏ6 அல்லது ஏ8 என்று இருப்பதைப் பார்க்க வேண்டும்: முதலாவது மணிக்கு 30 கிலோமீட்டருக்கும் இரண்டாவது 40 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டக் கூடாத டயர். மேலும் அதன் நீளவாக்கு வரிகள் உழவில் திசை பிடிப்பதற்காக அமைந்தவை, ஈரத் தார்ச்சாலையில் பிரேக் பிடிப்பதற்காக அல்ல. தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் ஜீப்புகளில் பலர் இதை மாட்டியிருக்கிறார்கள். மலைச்சாலையில் இறங்கும் வண்டிக்கு நான் மாட்ட மாட்டேன். ஜீப்புக்கென்றே வரும், கட்டை கட்டையாகப் பற்கள் கொண்ட பட்டன் டயரைச் சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. இப்படி வரவழைக்கும் டயர்கள் சில சமயம் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவையாக இருக்கும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 3214 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்தது. எனக்கு வந்த ஐந்தில் ஒன்று மற்றவற்றைவிட ஆறு ஆண்டு மூத்தது, திருப்பி அனுப்பினேன்.

கொட்டகையில் கிடந்த பழைய 4.5 அங்குல அகல ரிம்களையே மணலடித்துப் பயன்படுத்தினேன். ஐந்தில் ஒன்றில் டயர் உட்காரும் விளிம்பு துருவில் மெலிந்துபோயிருந்தது; அதை வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை, ஓரத்தில் போட்டேன். மற்றவற்றை ஹப்பில் மாட்டிச் சுழற்றி, அருகில் அசையாமல் நிறுத்திய ஒரு கம்பியின் முனைக்கும் விளிம்புக்கும் இடைவெளி மாறுகிறதா என்று பார்த்தோம். பழைய ரிம்களில் டியூப்லெஸ் டயரைப் பிடித்து நிறுத்தும் மேடு கிடையாது என்பதால் டியூப் போட்டே ஆக வேண்டும். இரண்டு பாதிகளை போல்ட்டால் இணைத்த போர்க்கால ரிம் யாரிடமாவது இருந்தால், டியூபின் வால்வை எடுத்துக் காற்று முழுவதையும் வெளியேற்றாமல் அந்த போல்ட்டுகளைத் தொடக் கூடாது. காற்றுள்ள நிலையில் பிரித்தால் அந்த இரும்பு ஆளைக் கொல்லும்.

6.00-16 மாட்டியதும் வண்டி தன் பழைய குணத்துக்குத் திரும்பியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இடுக்கிப் பக்கம் பெய்யும் மழையில் தோட்டத்துப் பாதை முழுவதும் களிமண் குழம்பாகிவிடும். அந்த மெல்லிய டயர் குழம்பை வெட்டிக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். முன்பு அகலமான டயர் அதே இடத்தில் குழம்பின் மேலேயே மிதந்து பக்கவாட்டில் வழுக்கியது. மணலில் கதை தலைகீழ். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டுக்கு ஒருமுறை போனபோது இதே மெல்லிய டயர் செம்மணலில் அச்சுவரை புதைந்து, பலகை வைத்து எடுக்க வேண்டியதாயிற்று. எந்த டயர் சிறந்தது என்று கேட்பவர்களிடம் அதனால்தான் எங்கே ஓட்டுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன்.

நைலான் டயரின் குறைகளையும் மறைக்கக் கூடாது. இரவு முழுவதும் நின்ற இடத்தில் தட்டையாகிவிடுவதால் காலையில் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர், சூடேறும் வரையில், வண்டி தடதடக்கும். தேனி, மதுரை என்று நெடுஞ்சாலையில் போனால் சாலையின் ஒவ்வொரு வரியிலும் அலைபாயும். மழைக்காலம் போக மற்ற மாதங்களில் நான் பெரும்பாலும் தார்ச்சாலையில்தான் ஓட்டுகிறேன் என்பதால், அந்த மாதங்களுக்கென்று ஓராண்டு கழித்து நான்காவது செட்டை வாங்கினேன்: 235/75 ஆர்15 ரேடியல் டயர். மேலே சொன்ன முறையில் கணக்கிட்டால் இதன் உயரம் 733.5 மில்லிமீட்டர், அதாவது பழைய டயருக்கு மூன்றரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கியர், ஸ்பீடோமீட்டர், தரை இடைவெளி எதுவும் மாறவில்லை. ரிம் 6 அங்குல அகலம், தட்டின் ஆழத்தை அளந்து தேடியதில் மூன்று மாதம் போயிற்று. முழு ஒடிப்பில் பட்டையை இலேசாகத் தொட்டதை, ஸ்டீயரிங்கின் எல்லை போல்ட்டை அரைச் சுற்று வெளியே எடுத்துச் சரிசெய்தோம். டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே நீட்டவில்லை. பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போது இது முக்கியம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு மேலும் முக்கியம்.

இரண்டு செட்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இந்த வண்டியில் முன்னச்சும் பின்னச்சும் வெவ்வேறு சுற்றில் ஓட இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் அவற்றுக்கு இடையில் இல்லை. நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் இரண்டு அச்சுகளும் ஒரே சுற்றில் கட்டப்பட்டுவிடும். முன்டயர் புதிது, பின்டயர் தேய்ந்தது என்றிருந்தால் கெட்டித் தரையில் அந்த வித்தியாசம் ஷாஃப்டுகளில் முறுக்காக ஏறும். எனக்கு ஒருமுறை நான்கு சக்கர இயக்கத்தின் லீவர் அப்படியே இறுகிக்கொண்டது. வண்டியைப் பத்தடி பின்னுக்கு எடுத்த பிறகே விடுபட்டது. அதனால் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரில் ஒரு சாக்பீஸ் கோடும் அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடும் போட்டு, வண்டியைத் தள்ளிச் சக்கரம் ஒரு முழுச் சுற்று வந்ததும் மீண்டும் ஒரு கோடு போட்டு, இடையிலுள்ள தூரத்தை நான்கு சக்கரத்துக்கும் அளந்து குறித்து வைக்கிறேன். வித்தியாசம் தெரியத் தொடங்கினால் முன்பின் மாற்றிவிடுகிறேன். காற்று, 6.00-16-இல் முன்னால் 26, பின்னால் 28 பி.எஸ்.ஐ.; பாரம் ஏற்றும் நாளில் பின்னால் இன்னும் நான்கு.

ஸ்டெப்னியாக மட்டும் ஆண்டு முழுவதும் ஒரே 6.00-16 சக்கரம்தான் வண்டியின் பக்கவாட்டில் தொங்குகிறது. உயரம் ஒன்று என்பதால் ரேடியல் செட் மாட்டியிருக்கும் மாதங்களிலும் அது உதவும். நான்கு சக்கர இயக்கத்தைத் தொடாமல், 40-ஐத் தாண்டாமல், அடுத்த பஞ்சர் கடை வரையில்.